முகங்களை எனக்கு அனுப்பு

பிலடெல்ஃபியா, தெற்குப் பகுதி
18 ஜனவரி 2004

ஒத்திலியா அக்காவுக்கு,

இதற்கு முன் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. தொலைபேசிக் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும், "மெஷின் ஓடிக்கிட்டிருக்கு, வர முடியாதுன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறாயாம். இரண்டு வருடமாக ஒரு தையல் மெஷின் நிற்காமல் ஓடுமா அக்கா? இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். இந்த முறை உறைக்குள் கடிதம் மட்டும் இல்லை.

எனக்கு ஒரு கேமரா கிடைத்திருக்கிறது. சொந்தமில்லை, இரவல். நம் ஆட்கள் பூசைக்குப் போகும் மாதா கோவிலின் கீழ்த்தளத்தில் செலீனா என்று ஒரு பெண் எங்களுக்குப் படமெடுக்கச் சொல்லித் தருகிறாள். கொலம்பியாவிலிருந்து வந்தவர்களின் மகள், இங்கேயே பிறந்தவள். அவளுடைய ஸ்பானிஷ் கொஞ்சம் நொண்டும். முதல் நாள் எழுந்து நின்று, "வெளியாளுங்க வந்து உங்களை எடுத்துட்டுப் போறாங்க. அழுமூஞ்சியாப் பாத்து எடுக்கறாங்க. இனிமே நீங்களே ஒருத்தரையொருத்தர் சுடுங்க!" என்றாள். பாதிப் பேர் வாசலைப் பார்த்தார்கள். படம் பிடிப்பதைத்தான் சொல்கிறாள் என்று புரிந்ததும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

வகுப்பில் கூரை வேலை செய்கிறவர்கள், ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள், அண்டாவில் அவித்த சோளமாவுத் தமாலே விற்கும் எர்லிந்தா எல்லோரும் இருக்கிறோம். நம் ஊர் அன்செல்மோவும் இருக்கிறார். உன் சிநேகிதி எவுஃபேமியாவின் கணவர்தான். நான் இறாலும் பூண்டும் உரிக்கிற இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் அவர் மாவு பிசைகிறார். கேமராவை யார் பக்கம் வேண்டுமானாலும் திருப்புவார். அவர் பக்கம் யாராவது திருப்பினால் மட்டும் ஆள் மாயமாகிவிடுவார்.

முதல் வேலையாகச் செலீனா சொன்னாள்: "உங்க மேல கோவமா இருக்கற ஒருத்தருக்குக் காட்டற மாதிரி அஞ்சு படம் எடுத்துட்டு வாங்க." மற்றவர்கள் யாருக்கு என்று யோசித்தார்கள். எனக்கு யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த ஐந்தும் இதில் இருக்கின்றன. பார்சல்காரர் தோன் சபினோ வேனில் எடுத்து வருவார். கிழித்துப் போடுவதானால் பார்த்துவிட்டுக் கிழி.

உன் தங்கை
பிரிகிதா


சான் பார்த்தோலோ, புவெப்லா, மெக்சிகோ
20 பிப்ரவரி 2004

பிரிகிதாவுக்கு,

பதில் எழுதுவதாக இல்லை. படங்கள் இத்தனை மோசமாக இல்லாமலிருந்தால் எழுதியிருக்கவும் மாட்டேன்.

முதல் படம் வாளி. அத்தனை தூரம் போய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி, நீ எனக்குக் காட்ட நினைத்தது ஒரு வாளியையா? இங்கே வாளியே இல்லையா?

இரண்டாவது, பனி. வெள்ளைத் துணியை விரித்துப் போட்டதுபோல் இருக்கிறது. சரி, ஆனால் படத்தின் வலது மூலையில் யாருடைய கட்டை விரல் அது? மூன்றாவது உன் சன்னல். திரைக்கு ஓரம் அடிக்கவில்லை. நான் வளர்த்த பெண்ணின் வீட்டில் ஓரம் அடிக்காத திரை! நான்காவதில் ஒரு ஆண் மாவு பிசைகிறான், தலையைக் காணோம். யார் வெட்டினார்கள்? ஐந்தாவது உன் செருப்பு. உன் முகம் எங்கே?

கோபமாக இருக்கிறவளுக்குக் காட்ட எடுத்தாயாம். எதற்குக் கோபம் என்று ஞாபகம் இருக்கிறதா? மே மாதத்தில் பதினைந்து வயது நிறையும் பெண்களின் விழா உடைகள் எல்லாம் பாதியில் கிடக்கின்றன. ஊர்த்தலைவர் மகளின் உடைக்கு ஒரு கைதான் வைத்திருக்கிறது. அந்த நிலையில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விடிவதற்குள் பஸ் ஏறினாய். அந்தப் பெண் ஒரு கையோடா வால்ஸ் ஆடுவாள்? மற்றக் கையை நான் அழுதுகொண்டே வைத்தேன். கோணலாகத்தான் வந்தது. இன்றைக்கும் அவள் அம்மா என்னைப் பார்த்தால் தோளைத் தோளைத் தடவிக்கொள்கிறாள்.

சபினோவிடம் மோலேக் குழம்பு விழுது கொடுத்திருக்கிறேன். உனக்காக இல்லை. இங்கே மிஞ்சிவிட்டது.

ஒத்திலியா


பிலடெல்ஃபியா
14 மார்ச் 2004

அக்கா, அக்கா, அக்கா,

பதில் வந்துவிட்டது என்று அடுக்களை முழுக்கச் சொல்லிவிட்டேன். மிஞ்சிப்போன மோலேயை அன்செல்மோ முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மிஞ்சினது இல்லைம்மா, உனக்குன்னே அரைச்சது. எள்ளை இப்பத்தான் வறுத்திருக்காங்க" என்றார். அவரோடு சண்டை போடுவதானால் போட்டுக்கொள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபப்படாதே. அதாவது, இருக்கிற கோபத்துக்கு மேல் படாதே. வகுப்பில் ஒவ்வொருவரும் தம் படத்தைப் பற்றி யாராவது சொன்னதைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் "நல்லா இருக்கு", "அழகா இருக்கு" இதுதான் வந்திருந்தது. என் முறை வந்தபோது உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். வாளி வரைக்கும் அமைதி. கட்டை விரலுக்கு வந்தபோது எர்லிந்தா நாற்காலியிலிருந்து சரிந்தாள். "யார் வெட்டினாங்க தலையை?" என்று கூரைக்காரர்கள் இன்னும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செலீனா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு மாசமா ஓரத்தைப் பாருங்க, ஓரத்தைப் பாருங்கன்னு கத்தறேன். உங்க அக்கா ஒரே வரியில சொல்லிட்டாங்க" என்றாள். இப்போது வகுப்பே தங்கள் படங்களை உனக்கு அனுப்பச் சொல்கிறது. பெரிய உறை அதனால்தான்.

என் திரைக்கு ஓரம் அடித்துவிட்டேன்.

கோபத்தின் காரணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஞாபகம் இல்லாத ஒன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதினான்கு வயதில் உன் கடையில் உட்கார்ந்தேன். ஓரம் அடித்தேன், பொத்தான் வைத்தேன், முத்துக் கோர்த்தேன். துணியை வெட்ட ஒருநாளாவது கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாயா? "பாத்துக்கோ, பாத்துக்கோ" என்றாய். பார்த்துப் பார்த்து எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்று என் கண்ணே முடிவு செய்யும் முதல் சாமான் எனக்கு இந்தக் கேமராதான். வாளியானாலும் அது நான் வெட்டிய வாளி.

பிரிகிதா


சான் பார்த்தோலோ
9 ஏப்ரல் 2004

பிரிகிதா,

என் கடிதத்தைக் கோவிலின் கீழ்த்தளத்தில் வைத்து முன்பின் தெரியாத ஆண்களுக்கு வாசித்துக் காட்டினாயா! அழுதுகொண்டே கை வைத்தேன் என்பதையுமா வாசித்தாய்? உனக்கு வெட்கமில்லை, எனக்கு இருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் இரண்டு தாளில் வருகிறது. நீலத் தாள் அவர்களுக்கு, சத்தமாக வாசி. வெள்ளைத் தாள் உனக்கு மட்டும். மாற்றி வாசித்தால் இனிமேல் எழுத்தும் கிடையாது, மோலேயும் கிடையாது.

*நீலத் தாள்.*
வகுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். கூரைமேல் நின்று ஊரை எடுத்தவர் நன்றாக எடுத்திருக்கிறார், ஆனால் கீழே விழுந்துவிடப் போகிறார். கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லவும். தமாலே அண்டாவை எடுத்த அம்மாள், ஆவி மட்டும் தெரிகிறது, தமாலே தெரியவில்லை. வாடிக்கையாளர் எதை நம்பி வருவார்? ஓட்டல் கட்டிலை எடுத்த பெண்ணே, போர்வையை மடித்திருக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, உன் அம்மாவுக்கு என் வணக்கம். பொதுவாக ஒன்று: அந்த ஊரில் யாருமே சிரிக்க மாட்டார்களா? சிரிக்காத ஊரில் எதற்கு இருக்கிறீர்கள்? கிளம்பி வாருங்கள்.

*வெள்ளைத் தாள்.*
கத்தரிக்கோல் விஷயம். நீல சாட்டின் துணியை உன்னிடம் கொடுத்திருந்தால் நீ அதைப் பாழாக்கியிருப்பாய். இதுதான் என் பதில். இப்போது ஒரு புதுப் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். வந்த முதல் வாரமே அவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். வலைத்துணியில் ஒரு கஜம் போயிற்று. பார்த்தாயா?

இன்னொன்று. கால்பந்து மைதானத்தில் எடுத்த படம் அனுப்பியிருந்தாயே, எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். மேசைமேல் கிடந்தது. மகளின் சீருடையை நீளம் இறக்கித் தைக்கக் கொண்டு வந்த எவுஃபேமியா குனிந்து பார்த்தாள். "ஒத்திலியா, இந்த மூணாவது ஆளு என் வீட்டுக்காரர்" என்றாள். "தொப்பியும் முதுகும்தானடி தெரியுது" என்றேன். "இடது தோளை இறக்கிப் போட்டுக்கிட்டு நிக்கறாரு பாரு, கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான் நின்னாரு." எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் கல்யாணக் கோட்டு தைத்தவள் நானல்லவா? அந்தத் தோளுக்காக ஒரு பக்கம் பஞ்சு அதிகம் வைத்தேன். தையல்காரிக்கு ஆளை அடையாளம் காண முதுகு போதும்.

அந்த மனிதர் வாரம் தவறாமல் பேசுகிறார், பணம் அனுப்புகிறார், எல்லாம் சரி. போனதிலிருந்து ஒரு படம், ஒரே ஒரு படம்கூட அனுப்பியதில்லை. அவர் போகும்போது எவுஃபேமியாவின் வயிற்றிலிருந்த சிட்லாலி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா என்றால் அவளுக்குக் கல்யாணப் படத்தில் இருக்கும் ஆள்தான். ஏன் அனுப்பவில்லை என்று நாசூக்காக விசாரி. உனக்கு நாசூக்கு வராது, இருந்தாலும் முயற்சி செய்.

ஒத்திலியா


பிலடெல்ஃபியா
30 மே 2004

அன்புள்ள அக்கா,

நடுவில் எழுத முடியவில்லை. நிறைய நடந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

நகரத்தின் நடுவில் ஒரு பெரிய மண்டபத்தில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைப்பதாக இருந்தது. நீ திட்டிய பிறகு எல்லோரும் சிரிக்கிற முகங்களைத் தேடித் தேடி எடுத்திருந்தோம். ஞானஸ்நான விருந்து, முடிவெட்டும் கடை, கோல் போட்டுவிட்டு ஓடி வரும் பையன்கள். செலீனாவின் கல்லூரியில் ஆள் உயரத் தாளில் அச்சடிக்கும் மெஷின் இருக்கிறது. பெரிய பெரிய முகங்களாக அச்சடிப்பது என்று முடிவாகியிருந்தது.

அப்போதுதான் பக்கத்து ஊர் ஒன்றில், கோழி வெட்டும் இடத்தில், குடியேற்ற அதிகாரிகள் நுழைந்து, அனுமதிக் காகிதம் இல்லாத நம் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் ஒன்பதாம் தெருச் சந்தையே வெறிச்சோடிக் கிடந்தது. வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் சண்டை. கூரைக்காரர் ஒருவர், "பேரும் வேணாம், மூஞ்சியும் வேணாம், என் படத்தைக் குடுத்துடுங்க" என்றார். எர்லிந்தா, "அப்ப ஒளிஞ்சிக்கிட்டேதான் இருக்கணுமா? நான் என்ன திருடியா?" என்று கத்தினாள். "உனக்கென்ன, உன் பிள்ளைங்க இங்க பொறந்ததுங்க" என்றார் அவர். செலீனா பேச ஆரம்பித்து, ஸ்பானிஷ் வராமல், அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று ஆகிவிட்டது.

எனக்கு உன் வெள்ளைத் தாள் ஞாபகம் வந்தது. சத்தமாக வாசிக்கக் கூடாது என்றாய், வாசிக்கவில்லை, சொன்னேன். "எங்க அக்கா ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒரு முதுகைப் பாத்தே இது யாருன்னு கண்டுபிடிச்சிட்டா. நம்மளைத் தெரிஞ்சவங்களுக்கு முதுகு போதும். தெரியாதவங்களுக்கு எதுக்கு முகம்?" பிறகு அந்தக் கூரைக்காரரே திரும்பி நின்று, "என் முதுகு நல்லாத்தான் இருக்கும், எடுத்துக்க" என்றார்.

இரண்டு வாரம் முதுகாகவே எடுத்தோம் அக்கா. தமாலே அண்டாவைத் தூக்கும் முதுகு. குழந்தையைத் தோளில் போட்ட முதுகு. சாயம்போன சட்டை போட்ட முதுகு, வெயிலில் காய்ந்த முதுகு. முதுகும் சிரிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நடுவூர் மண்டபம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அங்கே போய்ப் பார்க்க நம் ஆட்களுக்கு இப்போது தைரியம் இல்லை. எங்கள் தெரு முனையில் நாங்கள் எல்லோரும் துணி துவைக்கிற லாண்டிரி இருக்கிறது. கம்போடியாக்காரர் சொக் நடத்துகிறார். "என் சுவர் சும்மாத்தான இருக்கு. நானும் ஒரு காலத்துல ஒளிஞ்சி நடந்தவன்தான். மாட்டுங்க" என்று சொல்லிவிட்டார். நேற்று மாட்டினோம். துணி சுற்றுகிற நேரம் முழுக்க மக்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு, "இது அவன்தானே?", "இல்லைடா, அவன் மச்சான்" என்று விளையாடுகிறார்கள்.

அன்செல்மோவை நாசூக்காக விசாரித்தேன். "ஏன் வீட்டுக்குப் படம் அனுப்பலை? பயமா?" என்றேன். "ஆமா, போலீசு, கீலீசு..." என்று முனகினார். சபினோ உறைக்குள் போலீஸ் எங்கிருந்து வரும் என்றேன். மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அக்கா, கல்யாணப் படத்தில் அந்த மனிதருக்கு எத்தனை முடி! இப்போது அவர் பிசைகிற மாவுருண்டைக்கும் தலைக்கும் வித்தியாசமில்லை. முன்பல்லும் ஒன்று போய்விட்டது. "என் பொண்ணுக்கு அந்த ஆளைத்தான் தெரியும். அந்த ஆளு இப்ப இல்லையே பிரிகிதா. நான் எங்க போயி அவனைக் கொண்டு வருவேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

பிரிகிதா


சான் பார்த்தோலோ
25 ஜூன் 2004

அடி பிரிகிதா,

லாண்டிரியின் படத்தைப் பார்த்தேன். சுவரில் முதுகுகள், அதற்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிக்கிறவர்கள். எது படம், எது ஆள் என்று புரியவே கொஞ்ச நேரமானது. நன்றாக வெட்டியிருக்கிறாய். ஒருமுறைதான் சொல்வேன்.

கேள். நீங்கள் எடுத்த முகங்கள் எல்லாம் எங்கே? சிரிக்கிற முகங்களைத் தேடித் தேடி எடுத்தோம் என்றாயே, அவை பெட்டியில்தானே கிடக்கின்றன? அந்த ஊருக்கு முதுகு போதும், சரி. இந்த ஊருக்குப் போதாது. ஆகஸ்டில் நம் சான் பார்த்தோலோ திருவிழா. கூடைப்பந்துக் கொட்டகையை ஊர்த்தலைவரிடம் கேட்டுவிட்டேன். அவர் மனைவி தோளைத் தடவிக்கொண்டே சம்மதித்தாள். முகங்களை எனக்கு அனுப்பு. இங்கே அவர்களைப் பிடிக்க அதிகாரி யாரும் வர மாட்டான். பிடிப்பதாக இருந்தால் பெண்டாட்டிமார்தான் பிடிப்பார்கள்.

நம் ஊர் ஆட்கள் மட்டும் என்றில்லை, சுற்று வட்டாரத்துக்காரர்கள் யாரிருந்தாலும் அனுப்பு. சொல்லி அனுப்பினால் வந்துவிடுவார்கள்.

அன்செல்மோவிடம் நான் சொன்னதாகச் சொல்: "உங்களுக்குக் கோட்டுத் தைச்சவ சொல்றேன். உங்க வீட்டம்மா ஒண்ணும் இருபது வயசுல அப்படியே உக்காந்திருக்கலை. அவ பாவாடையை மூணு தடவை அகலப்படுத்திக் குடுத்திருக்கேன்." இதை எவுஃபேமியாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் முகத்தையும் அனுப்பு. செருப்பை அல்ல.

ஒத்திலியா


பிலடெல்ஃபியா
5 ஆகஸ்ட் 2004

அக்கா,

சபினோ இந்த முறை பெரிய வண்டியில் வருகிறார். குழாய்களுக்குள் சுருட்டி வைத்திருக்கிறோம், மடித்துவிடாதே. ஆள் உயரத் தாள்கள்.

நீ சொன்னதை வகுப்பில் சொன்னதும் முதலில் நம்பவில்லை. "ஊருக்கா? கொட்டகையிலயா? அம்மா பாப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஆரம்பித்தது பார் அமர்க்களம். முகமே வேண்டாம் என்ற கூரைக்காரர் நாலு தடவை எடுக்கச் சொன்னார். முதலாவதில் கண் மூடிவிட்டது, இரண்டாவதில் அவர் அண்ணன் மாதிரி இருக்கிறதாம். எர்லிந்தா நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். ஒருவன் இரவல் சூட்டில் வந்தான். செலீனா அவனைத் திருப்பி அனுப்பி, வேலை உடுப்பில் வரச் சொன்னாள். "அம்மாவுக்கு சூட்டு காட்டணும்" என்று அடம்பிடித்து அவன் ஜெயித்துவிட்டான்.

அன்செல்மோ வரவில்லை. பாவாடை விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார், ஆனால் வரவில்லை. குழாய்களை மூடி ஒட்டுகிற நாளன்று மத்தியானம் அடுக்களையில் நின்றுகொண்டே, "இப்பவே எடு, மனசு மாறிடும்" என்றார். மாவுக் கையோடு. தொப்பியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். "சிரிக்கவா? பல்லு தெரியுமே" என்றார். "தெரியட்டும்" என்றேன். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன் அக்கா. இரண்டாவது எடுக்கத் தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்படித் தெரிந்தது இதுதான் முதல் தடவை.

என் முகமும் ஒன்று இருக்கிறது. செலீனா எடுத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை, உன் மூக்கு மாதிரி இருக்கிறது.

பிரிகிதா


சான் பார்த்தோலோ
30 ஆகஸ்ட் 2004

அன்புள்ள பிரிகிதா,

கால் வலிக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது. படங்கள் ஒன்றும் ஆகாமல் வந்து சேர்ந்தன.

கொட்டகையில் குறுக்கே கயிறு கட்டி, கடையிலிருந்த துணிக்கிளிப்புகளால் மாட்டினேன். ஆள் நிற்கும் உயரத்திலேயே மாட்டினேன். அண்ணாந்து பார்ப்பதற்கு அவர்கள் என்ன புனிதர்களா? பேண்டு வாத்தியம் வாசலில் நின்று ஊதினால் படம் ஆடுகிறது என்று அவர்களை விரட்டிவிட்டேன். பூசை முடிந்ததும் ஊரே வந்தது. கிழக்கே மூன்று ஊர் தாண்டிக் கழுதையில் வந்தவர்களும் உண்டு.

என்ன சொல்வது? முதலில் யாரும் கிட்டே போகவில்லை. நுழைகிற இடத்திலேயே நின்றார்கள். பிறகு ஒரு பெண், "ஏய், என் பையன்டி!" என்று ஓடினாள். அதோடு சரி. அப்புறம் சந்தைதான். திட்டுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், தாளின் முகத்தை முக்காட்டுத் துணியால் துடைக்கிறார்கள். இரவல் சூட்டுக்காரனின் அம்மா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்து. எர்லிந்தாவின் நகையைப் பார்த்து அவள் நாத்தனார், "இது எங்க அம்மாவோடது!" என்று ஒரு புதுச் சண்டைக்கு அடி போட்டிருக்கிறாள். அந்த அம்மாளை எச்சரித்து வை.

எவுஃபேமியா கடைசியில்தான் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க இருக்காரு, நீயே காட்டு" என்றாள். காட்டினேன். பார்த்தாள், பார்த்தாள். "இது யாரு, என் மாமனாரா?" என்றாள். அப்புறம் வாயில் கை வைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய், தாளுக்கு எதிரில் நின்று, "இதுக்குத்தானா எட்டு வருஷமா ஒளிஞ்சீங்க? இந்த மொட்டைக்கா? குளிருல தொப்பி போட்டுக்கங்க" என்று சொன்னாள். அதன் பிறகு சொன்னதை நான் கேட்கவில்லை. நகர்ந்துவிட்டேன்.

கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் தோன் இலாரியோவும் வந்திருந்தார். அவர் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டேன். "உனக்கு எடுக்கத் தெரியுமா?" என்றார். "ஆறு மாசமா கடிதத்துல சொல்லிக் குடுத்திருக்கேன், எனக்கே தெரியாதா?" என்றேன். இங்கே வந்தவர்களின் முகங்கள் இத்துடன் வருகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். என் கட்டை விரல் இரண்டு படத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது.

தனியாக ஒட்டிய உறை அன்செல்மோவுக்கு. நீ பிரிக்காதே.

உன் படத்தைக் கொட்டகையில் மாட்டவில்லை. கடையில், மெஷினுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, தூங்கு. ஓரம் அடிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துக்கொண்டாவது இரு.

உன் அக்கா


பிலடெல்ஃபியா
3 அக்டோபர் 2004

அன்புள்ள அக்கா,

உன் படங்களைக் கோவிலுக்குக் கொண்டுபோகவில்லை. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் லாண்டிரியில் இருப்பார்கள் என்று அங்கேயே பிரித்தேன். மடிக்கும் மேசைமேல் பரப்பி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். மெஷின்கள் எல்லாம் சுற்றி முடித்து நின்றுவிட்டன. யாரும் துணியை எடுக்கவில்லை. சொக் வந்து, "துணி நாறிடும்பா!" என்றார். அப்புறம் அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். கூரைக்காரர் அவர் அம்மாவின் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டு, அன்று முழுக்க அதையே செய்தார்.

அன்செல்மோ தன் உறையோடு கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் போய்விட்டார். நான் பிரிக்கவில்லை, சத்தியமாக. அவரே என்னைக் கூப்பிட்டார்.

அக்கா, நீ ஏன் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை? அவருடைய ஆள் உயரப் படம் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் சிட்லாலி நிற்கிறாள். புதுச் சீருடை. கையை உயர்த்தி அவர் தோளில் வைத்திருக்கிறாள், இறங்கிக் கிடக்கும் அந்த இடது தோளில். கேமராவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்க்கிறாள். அவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே படத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை.

அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "பாவம், என் மூக்கு வந்திடுச்சி அவளுக்கு" என்றார். சிரித்தார். சிரிப்பு வேறு எங்கோ போய் முடிந்தது. நான் துவைத்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவரே செலீனாவிடம் போய், "இது சுவத்துல இருக்கணும்" என்றார். முகம் தெரியுமே என்று அவள் பயந்தாள். "என் பொண்ணு என்னைத் தொட்டுக்கிட்டு நிக்கறா. இதை ஒளிச்சி வைக்க என்னால முடியாதும்மா" என்றார். ஆகவே முதுகுகளுக்கு நடுவில் இப்போது ஒரே ஒரு முகம் இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கும் மெஷினுக்குத்தான் எப்போதும் வரிசை.

இங்கே ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்தவர் பெயர் எழுதுவோம், முதல் பெயர் மட்டும், கூடவே அவர் வேலையும். செலீனா பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஒத்திலியா" என்று எழுதியாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் தையல்காரி என்று போடுவதா, படக்காரி என்று போடுவதா? நீயே சொல்.

பிரிகிதா


சான் பார்த்தோலோ
28 அக்டோபர் 2004

பிரிகிதா,

இரண்டையும் போடச் சொல். தையலை முதலில்.

எழுத்து கோணாமல் எழுதச் சொல்.

ஒத்திலியா